மல்டிபிள் மயலோமா: காணிய வித்து இந்தியா போகோணுமா எண்டு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க எழுதினத ஆறுதலா வாசிச்சன். அப்பாவுக்கு 63 வயசு, இடுப்பு நோ எண்டு கன மாசமா பாம் பூசிக்கொண்டும் கடையில டைக்ளோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார், பிறகு களைப்பு, ரத்தம் குறைவு, கிட்னி பழுதக் காட்டுற கிரியேட்டினின் கூட எண்டு திருகோணமலை ஆஸ்பத்திரியில இருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்க எலும்பு மச்சை எடுத்துப் பார்த்து மல்டிபிள் மயலோமா, அதாவது எலும்பு மச்சையில வாற ஒரு புற்றுநோய் எண்டு சொல்லியிருக்கிறாங்க. போர்டெசோமிப் ஊசி, சைக்ளோபொஸ்பமைட், டெக்ஸாமெதசோன் மூண்டும் தொடங்குவம், ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட் பற்றிப் பிறகு கதைப்பம் எண்டு எழுதித் தந்திருக்கு. இதுக்குள்ள கனடாவில இருக்கிற சித்தப்பா அதெல்லாம் பழைய மருந்து, டாராடுமுமாப் எண்ட ஊசியப் போடச் சொல்லு, இல்லாட்டி இந்தியாவுக்குக் கொண்டு போ எண்டு நிக்கிறார், நீங்க நிலாவெளிக் காணிய விக்கிற யோசனையில இருக்கிறீங்க. எந்த ட்ரீட்மென்ட் நல்லது எண்டுதான் எழுதியிருக்கிறீங்க, ஆனா நீங்க உள்ளுக்க கேக்கிறது, இங்கயே வச்சுப் பார்த்தா அப்பாவுக்குக் குறை வச்ச மாதிரி ஆயிடுமா எண்டுதான். அதுக்குத்தான் பதில் எழுதப் பாக்கிறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல என்னப் பற்றி. நான் கன வருசம் புற்றுநோய், ரத்தநோய் வார்டுகளில வேலை செய்த டொக்டர், மயலோமா ஆக்கள் கனபேருக்கு ஊசி போட்டு, காய்ச்சலுக்குப் பார்த்து, வீட்டுக்காரரோட கதைச்சு இருக்கிறன், ஆனா ஹெமட்டோலஜி, அதாவது ரத்தநோய் கன்சல்டன்ட் இல்ல. அப்பாவ நான் பார்க்கவும் இல்ல, ரிப்போட் ஒண்டும் கையில இல்ல. அதால இத வாசிச்சுப் போட்டு மருந்த மாத்தாதீங்க, அடுத்த கிளினிக்கில என்ன கேக்கிறது எண்டு விளங்கிறதுக்கு மட்டும் வச்சுக்கொள்ளுங்க.

வருத்தம் என்ன எண்டு சுருக்கமா சொல்லுறன், ஏனெண்டா அது விளங்கினாத்தான் மருந்து விளங்கும். எலும்பு மச்சைக்குள்ள பிளாஸ்மா செல் எண்டு ஒரு வகை இருக்கு, கிருமிக்கு எதிரான புரதம் செய்றதுதான் அதுக்கு வேலை. அதில ஒண்டு கெட்டுப் பெருகி, ஒரே நோட்டீச லட்சக்கணக்கில அடிச்சுத் தள்ளுற அச்சகம் மாதிரி ஒரே புரதத்த மட்டும் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் புரதத்தத்தான் ரிப்போட்டில எம் பேன்ட் எண்டு எழுதுவாங்க. அந்தப் புரதத்தின்ர துண்டுகள், லைட் செயின் எண்டு சொல்லுறது, கிட்னிய அடைக்கும், செல் பெருகப் பெருக நல்ல ரத்தம் ஊறுறது குறையும், எலும்ப அரிக்கும், அரிச்ச எலும்பில இருந்து கல்சியம் ரத்தத்துக்குள்ள வந்து வாந்தி, மலச்சிக்கல், தடுமாற்றம் எல்லாம் கொண்டு வரும். கல்சியம், கிட்னி, ரத்தக்குறைவு, எலும்பு, இந்த நாலில ஒண்டாவது பழுதாகியிருந்தா மருந்து தொடங்கியே ஆகோணும். ஒண்டும் பழுதாகாம ரத்தத்தில புரதம் மட்டும் கொஞ்சம் இருக்கிற ஆக்களும் இருக்கிறாங்க, அவங்களில வருசத்துக்கு நூறில ஒரு ஆளுக்குத்தான் அது மயலோமாவாவோ அது மாதிரி வருத்தமாவோ மாறும், அவங்கள சும்மா பாத்துக்கொண்டிருந்தாக் காணும். உங்கட அப்பாவுக்கு ரத்தமும் குறைஞ்சு, கிட்னியும் தொட்டிருக்கு, அதால பாத்துக்கொண்டிருக்கிற கதை இல்ல.

இடையில ஒரு விசயம், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் சேத்துச் சொல்லுறன். எங்கட மாவட்டத்தில பதவிசிறிபுர மாதிரிப் பக்கங்களில காரணம் தெரியாத கிட்னி வருத்தம் இருக்கிறதால, கிரியேட்டினின் கூடினா உடன அந்தக் கணக்கில சேத்துப் போட்டுத் தண்ணியக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறது நடக்குது. சாதாரண சலப் பரிசோதனையில போடுற குச்சி அல்புமினத்தான் காட்டும், லைட் செயினக் காட்டாது. 1840களில லண்டனில பென்ஸ் ஜோன்ஸ் எண்ட டொக்டர் சலத்தில கண்டுபிடிச்ச அதே சாமான்தான், இண்டைக்கும் தேடிப் பாத்தாத்தான் தெரியும். ஐம்பது அறுபது வயசு தாண்டின ஆளுக்கு ராவில கூட விடாத முதுகு நோ, ரத்தக்குறைவு, இஎஸ்ஆர் எண்ட ரத்தப் பரிசோதனை நூறுக்கு மேல, கிட்னி பழுது எல்லாம் சேந்து வந்தா இந்தப் புரதத்தத் தேடுற சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபொரெசிஸ், ஃப்ரீ லைட் செயின் எண்ட ரெண்டு ரத்தப் பரிசோதனையும் செய்து பாக்கலாமா எண்டு கேளுங்க.

சரி, மருந்துக்கு வாறன். மயலோமா அடியோட மாறிப் போற வருத்தம் எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க, ஆனா அடக்கி வைக்கலாம், வருசக்கணக்கில. அடங்கும், பிறகு ஒரு நாள் திரும்பத் தலை தூக்கும், வேற மருந்தால திரும்ப அடக்கிறது, இப்பிடித்தான் போகும். அதால எது உசத்தியான மருந்து எண்டு மட்டும் பார்த்துக் காணாது, எத முதல்ல குடுக்கிறது, எதப் பிறகுக்கு வைக்கிறது, இந்த உடம்பு எதத் தாங்கும், குடும்பத்தால எவ்வளவு காலம் விடாமக் குடுக்க முடியும் எண்டு எல்லாம் சேத்துப் பாக்கோணும். காணிக் காசு முழுக்க முதல் ஆறு மாசத்தில கரைஞ்சா, மூண்டாம் வருசம் வருத்தம் திரும்பி வரேக்க கையில ஒண்டும் இருக்காது. நான் கண்டதில குடும்பங்கள் உடைஞ்சு போறது அந்த நேரத்திலதான்.

உங்களுக்கு எழுதின மூண்டு மருந்துக் கூட்டப் பழசு எண்டு சித்தப்பா சொல்லுறார். போர்டெசோமிப் அமெரிக்காவில 2003ல அனுமதி கிடைச்ச மருந்து, அதுக்கு முதல் 1960களில இருந்து மெல்பலான் குளிசையும் ஸ்டீரொய்டும்தான் எங்களுக்கு இருந்தது, 1999ல தலிடோமைட் இதுக்கு வேலை செய்யுது எண்டு தெரிய வந்தது, பிறகு லெனலிடோமைட், கார்பில்சோமிப், பொமலிடோமைட், 2015ல டாராடுமுமாப் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்தது. மயலோமா ஆக்கள் முந்தி இருந்ததவிடக் கன காலம் இருக்கிறாங்க எண்டா அதுக்குப் பெரிய காரணங்களில போர்டெசோமிப் ஒண்டு. வெளிநாட்டில முதல்ல குடுக்கிற கூட்டில சைக்ளோபொஸ்பமைடுக்குப் பதிலா லெனலிடோமைட் இருக்கும், அது உண்மைதான், நல்ல கூட்டும்தான், ஆனா லெனலிடோமைட் கிட்னியால வெளிய போற மருந்து, கிரியேட்டினின் கூடியிருக்கிற ஆளுக்கு டோஸக் குறைச்சு, பாத்துப் பாத்துத்தான் குடுக்கோணும். போர்டெசோமிபுக்கு அந்தப் பிரச்சின இல்ல, கிட்னி பழுதான ஆளுக்கும் முழு டோஸ் குடுக்கலாம், லைட் செயினக் கெதியாக் குறைச்சா கிட்னி திரும்பி வாறதுக்கும் இடம் இருக்கு. எனக்குப் படுறது, மஹரகமவில எழுதினவர் காசில்லாத ஆக்கள் எண்டு பார்த்து எழுதேல்ல, அப்பாட கிட்னியப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இதத்தான் சித்தப்பாவுக்குச் சொல்லுங்க.

டாராடுமுமாபுக்கு வருவம், ஏனெண்டா சித்தப்பா சொல்லுறதில பிழையும் இல்ல. அது பிளாஸ்மா செல்லின்ர மேல் பக்கத்தில இருக்கிற ஒரு அடையாளத்தப் பிடிச்சு அழிக்கிற ஊசி, முதல்லயே நாலாவது மருந்தாச் சேத்தா வருத்தம் அடங்கியிருக்கிற காலம் கூடுது எண்டது உறுதியான விசயம். 2023 கடைசியில வெளிவந்த பெர்சியஸ் எண்ட ஆய்வில, ட்ரான்ஸ்பிளான்டும் செய்த ஆக்களில, நாலு வருசம் முடியேக்க டாரா சேத்தவங்களில 84 வீதமான ஆக்களுக்கு வருத்தம் திரும்பேல்ல, சேக்காதவங்களில 68 வீதம். இது பெரிய வித்தியாசம்தான். இப்பிடி ட்ரான்ஸ்பிளான்டும் செய்றவங்களில, முதல்லயே டாரா போட்டா மொத்தத்தில எவ்வளவு காலம் கூட உயிரோட இருப்பாங்க எண்டதுக்கு அவ்வளவு தெளிவான கணக்கு அந்த நேரம் வரேல்ல. திரும்பி வரேக்க முதல் முறையா டாரா போட்டாலும் அது நல்லா வேலை செய்யும், அதுவும் தெரிஞ்ச விசயம். இதுக்கு எதிரா ஒரு வாதமும் இருக்கு, பிறகு போடலாம் எண்டு வச்சிருந்த மருந்து கனபேருக்குக் கிடைக்காமலே போகுது, ரெண்டாம் கட்டத்துக்கு அவங்க வந்து சேருறதில்ல எண்டு. வயசு கூடின, உடம்பு தளர்ந்த ஆக்களில அது சரி. அதால சித்தப்பா முழுச் செலவையும், கனகாலத்துக்கு, தான் பாக்கிறன் எண்டு சொன்னா கன்சல்டன்ட்டோட அதப் பற்றிக் கதையுங்க. காணிய வித்து ரெண்டு மூண்டு மாசம் மட்டும் போட்டுட்டு நிப்பாட்டுறது எண்டா எனக்கு அதில விருப்பமில்ல, முதல் எட்டு கிழமையும் கிழமைக்கு ஒருக்கா, பிறகு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, பிறகு மாசம் ஒருக்கா எண்டு அது நீண்டு போற மருந்து. எப்ப போட்டாலும் சரி, முதல் ஊசிக்கு முன்னால ரத்த வங்கியில குரூப்பும் அன்டிபொடி ஸ்கிரீனும் செய்து வைக்கோணும், அந்த மருந்து போட்ட பிறகு ரத்தம் பொருத்திப் பாக்கிற டெஸ்ட் குழம்பிப் போகும், அவசரத்துக்கு ரத்தம் ஏத்தேக்க அது பெரிய தலையிடி. இன்னொண்டு, குளிர்ல வைக்கிற ஊசிய வெளியில வாங்கிறதெண்டா பதிவு செய்த பார்மசியில பில்லோட வாங்குங்க, கொழும்பில இருந்து பஸ்சில ஐஸோட கொண்டு வரேக்க ஊசி ஐஸில நேர முட்டி உறையவும் கூடாது.

ட்ரான்ஸ்பிளான்ட் எண்டவுடன வீட்டில அண்ணன் தம்பி எல்லாம் நான் தாறன் எண்டு நிப்பாங்க. இதுக்கு வேற ஆள் தேவையில்ல, அப்பாட சொந்த ஸ்டெம் செல்தான், ரத்தம் ஊறுறதுக்கு மூலமான செல். ஒப்பரேசனும் இல்ல. நாலு அல்லது ஆறு மாதிரி சுற்று மருந்து குடுத்து வருத்தத்தக் குறைச்சுப் போட்டு, செல்ல எலும்பில இருந்து ரத்தத்துக்குக் கொண்டு வாற ஊசி சில நாள் போட்டு, மெசினால செல்லப் பிரிச்சு எடுத்து உறைய வைப்பாங்க. பிறகு மெல்பலான் எண்ட மருந்த பெரிய டோஸில ஏத்துவாங்க, வருத்தத்த அடிக்கிறது அதுதான், எடுத்து வச்ச செல்லத் திருப்பி ஏத்திறது அந்த மருந்தால செத்துப் போன மச்சையத் திரும்ப முளைக்கப் பண்ணுறதுக்கு. மெல்பலான் ஏத்தேக்க வாயில ஐஸ் கட்டிய வச்சு உமிஞ்சுகொண்டே இருக்கச் சொல்லுவாங்க, விறைச்சு வலிக்கும், அப்பா துப்பப் பாப்பார், விடாதீங்க, வாய் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைஞ்சாத்தான் பிறகு வாயில இருந்து தொண்டை வரைக்கும் புண்ணாகாம இருக்கும். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை மாதிரி வெள்ளை அணு இல்லாத காலம், காய்ச்சல், வயித்தோட்டம் எல்லாம் வரும், அதுதான் கஷ்டமான கட்டம். நல்ல இடத்தில செய்தா இதால சாகிறது நூறில ஒண்டு ரெண்டு பேர்தான். பொதுவா 65, 70 வயசு வரைக்கும் இருதயம், சுவாசப்பை நல்லா இருந்தாச் செய்றாங்க, கிட்னி பழுது எண்டதுக்காக மட்டும் ஏலாது எண்டு இல்ல, மெல்பலான் டோஸக் குறைச்சுச் செய்யலாம்.

அதால எவ்வளவு லாபம் எண்டா, 2022ல வெளிவந்த டிட்டர்மினேசன் எண்ட அமெரிக்க ஆய்வு இருக்கு, 65 வயசுக்கு உட்பட்ட ஆக்கள், எல்லாருக்கும் போர்டெசோமிப், லெனலிடோமைட், டெக்ஸா மூண்டும் குடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் உடன ட்ரான்ஸ்பிளான்ட் செய்தாங்க. வருத்தம் திரும்பாம இருந்த காலம் ட்ரான்ஸ்பிளான்ட் செய்தவங்களுக்கு நடுக்கணக்கில 67 மாசம், செய்யாதவங்களுக்கு 46 மாசம். ஆனா அஞ்சு வருசம் கழிச்சு உயிரோட இருந்தவங்க ரெண்டு பக்கத்திலயும் 80 வீதம் அளவில ஒண்டுதான். செய்தா கன காலம் வருத்தம் இல்லாம இருக்கலாம், செய்யாட்டி உடன உயிர் போயிடும் எண்டு இல்ல. இந்தக் கணக்க இங்க அப்பிடியே கொண்டு வந்து போடக் கூடாது எண்டும் சொல்லோணும், அந்த ஆய்வில எல்லாருக்கும் பிறகு லெனலிடோமைட் விடாமக் குடுத்தாங்க, திரும்பி வந்தா அடுத்த மருந்தும் கையில இருந்தது. மருந்துத் தெரிவு குறைஞ்ச இடத்தில ட்ரான்ஸ்பிளான்டின்ர பெறுமதி கூடத்தான் இருக்கும் எண்டு நான் நினைக்கிறன், அது என்ட அபிப்பிராயம், நிரூபிச்ச விசயம் இல்ல.

அதால ட்ரான்ஸ்பிளான்ட் பற்றிப் பிறகு கதைப்பம் எண்டு விடாம இப்பவே ஒரு கேள்வி கேளுங்க: அப்பா அதுக்குத் தகுதியான ஆளா, தகுதி எண்டா எங்க, எப்ப, எவ்வளவு காலம் காத்திருக்கோணும். ஏன் இப்பவே எண்டா, மெல்பலான் குளிசையா மாசக்கணக்கில குடிச்சாலும், லெனலிடோமைட் கனகாலம் குடிச்சாலும் பிறகு செல் சேக்கிறது கஷ்டமாகும். செல் எடுக்கிற திட்டம் இருக்கு எண்டா மருந்தையும் அதுக்கேத்த மாதிரி போடுவாங்க. உங்களுக்கு எழுதின கூட்டு அந்தக் கதவ மூடேல்ல, அதுவும் நல்ல விசயம்.

இந்தியாவுக்குப் போறது எண்டா எதுக்குப் போறது எண்டு முதல்ல தீர்மானியுங்க. போர்டெசோமிப் கிழமைக்கு ஒருக்கா வயித்துத் தோலுக்குக் கீழ போடுற சின்ன ஊசி, அதுக்காகச் சென்னையில வீடு வாடகைக்கு எடுத்து நாலஞ்சு மாசம் இருக்கிறது காசுக்குப் பிடிச்ச கேடு. இங்க ட்ரான்ஸ்பிளான்டுக்குக் காத்திருக்கிற காலம் நீளுது, அப்பா தகுதியான ஆள் எண்டும் சொல்லிட்டாங்க எண்டா, அப்ப அந்த ஒண்டுக்கு வேலூர் சிஎம்சி மாதிரி இடத்துக்குப் போறத யோசிக்கலாம், அவங்களுக்கு இதில கன வருச அனுபவம். ஆனா ஆளக் கொண்டு போக முதல் ரிப்போட்ட அனுப்பிக் கேளுங்க, மொத்தச் செலவ எழுத்தில எடுங்க, காய்ச்சல் வந்து ஐசியூவுக்குப் போனா எவ்வளவு கூடும் எண்டும் கேளுங்க, திரும்பி வந்த பிறகு இங்க ஆர் பாப்பாங்க எண்டதையும் இங்கத்த கன்சல்டன்ட்டோட முதல்லயே கதைச்சு வையுங்க, இல்லாட்டி பலாலியில பிளேனால இறங்கின அடுத்த நாள் காய்ச்சல் எண்டா ஆரட்ட போறது. கார்-டி செல் எண்டு ஒரு சொல்லும் இப்ப எல்லாரும் கதைக்கிறாங்க, அது ஆளின்ர சொந்த வெள்ளை அணுவ எடுத்து, வருத்தத்த அடிக்கிற மாதிரி மாத்தித் திருப்பி ஏத்துறது. 2023ல இந்தியாவிலயே செய்து அனுமதி கிடைச்ச கார்-டி லிம்போமா, லுகேமியா எண்ட வேற ரத்தப் புற்றுநோய்களுக்கு, மயலோமாவுக்கு இல்ல. மயலோமாவுக்கு அமெரிக்காவில 2021லயும் 2022லயும் அனுமதி கிடைச்சது வேற ரெண்டு, அதுகளின்ர விலை நாங்க கதைக்கிற விலை இல்ல, உங்கட அப்பாவுக்கு இப்ப அது தேவையும் இல்ல.

திருகோணமலையில இருக்கிற ஆக்களுக்கு மருந்தவிடப் பெரிய பிரச்சின ரோட்டுத்தான். கிழமைக்கு ஒருக்கா ஹபரண, தம்புள்ள, குருநாகல் எண்டு 260 கிலோமீட்டர் மாதிரி பஸ்சில குலுங்கிப் போய் வாறது, அரிச்ச முள்ளந்தண்டோட, அது ஒரு தண்டனை. முதல் சுற்று மஹரகமவில போட்டு ஒண்டும் பிழைக்கேல்ல எண்டா, மிச்ச ஊசிய திருகோணமலையிலயோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலயோ போட ஒரு கடிதம் தரலாமா, ரத்தம் மட்டும் இங்க செய்து அனுப்பலாமா எண்டு கேளுங்க. கேக்கிற ஆக்களுக்கு ஏற்பாடு செய்து குடுத்தத நான் கண்டிருக்கிறன், கேக்காம மாசக்கணக்கில அலைஞ்ச ஆக்களையும் கண்டிருக்கிறன். போகத்தான் வேணும் எண்டா ராக் கோச்சியில படுத்துப் போற மாதிரிப் பாருங்க, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கட்டும்.

இப்ப எல்லாரும் மறந்து போற பகுதி. மயலோமாவில ஆள விழுத்துறது புற்றுநோய் மட்டும் இல்ல, காய்ச்சல், கிட்னி, முறிவு, ரத்தக்கட்டியும்தான். முதல் மூண்டு மாசம் கிருமித் தொற்றுக்குப் பயங்கரமான காலம், காய்ச்சல் 38 பாகைக்கு மேல போனா பனடோல் குடுத்துப் போட்டு விடியட்டும் எண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, போனவுடன கீமோ போடுற ஆள் எண்டு சொல்லுங்க. போர்டெசோமிப் போடுறவங்களுக்கு அக்கி வரக் கூடும், அதுக்கு அசைக்ளோவிர் குளிசை எழுதுவாங்க, ஊசி நிக்கிற வரைக்கும் அதையும் நிப்பாட்டக் கூடாது. தலிடோமைட், லெனலிடோமைட் குடிச்சாக் காலில ரத்தம் கட்டக் கூடும், அதுக்கு அஸ்பிரினோ அதவிடக் கடுமையானதோ சேத்துத் தருவாங்க, ஒரு கால் மட்டும் வீங்கினாக் காட்டோணும். அந்த ரெண்டு குளிசையையும் வீட்டில பிள்ளைத்தாச்சிப் பொம்பிளை இருந்தாக் கையால தொடவும் விடாதீங்க, 1960 வாக்கில கை கால் இல்லாம ஆயிரக்கணக்கில பிள்ளைகள் பிறந்தது தலிடோமைடாலதான்.

எலும்புக்கு சோலெட்ரோனிக் அசிட் எண்டு மாசத்துக்கு ஒருக்கா ஏத்துறது இருக்கு, கிட்னியப் பார்த்து டோஸ் போடுவாங்க, கிட்னி நல்லா விழுந்திருந்தாப் பிந்தித்தான் தொடங்குவாங்க. அதுக்கு முதல் பல்லு டொக்டர்ட்ட காட்டி, புடுங்க வேண்டிய பல்லப் புடுங்கி, காயம் ஆற விடோணும், மருந்து தொடங்கின பிறகு பல்லுப் புடுங்கினாத் தாடை எலும்பு செத்துப் போற ஆபத்து இருக்கு. வெத்திலை போடுறவர் எண்டு எழுதியிருந்தீங்க, அதால கட்டாயம் காட்டுங்க. ஒரு இடத்தில தாங்க முடியாத நோ எண்டா ரேடியேசன் ஒருக்கா குடுத்தாலே நல்ல சுகம் வரும். திடீரெண்டு கால் பலம் குறைஞ்சாலோ, சலம் போக ஏலாம அடைச்சாலோ அது முள்ளந்தண்டு நரம்ப நெரிக்குது, அண்டைக்கே ஓடோணும், அடுத்த கிளினிக் வரைக்கும் இருந்தாக் கால் திரும்பாமப் போகக் கூடும். முறிவு வைத்தியர்ட்ட கொண்டு போய் எண்ணெய் போட்டு உருவுறது, நெட்டி முறிக்கிறது வேண்டவே வேண்டாம், அரிச்ச எலும்பு அந்த உருவலிலயே முறியும்.

கிட்னிக்கு ரெண்டு விசயம். டைக்ளோபினாக், ஐபுபுரோபன் மாதிரி நோக்குளிசை இனி வீட்டுக்குள்ள வரக்கூடாது, பரசிட்டமோல் காணாட்டி வார்டில ட்ரமடோலோ மோர்பினோ எழுதுவாங்க, மோர்பின் எண்டாக் கடைசிக் கட்டம் எண்டு பயப்படாதீங்க. மற்றது தண்ணி, எங்கட ஊர் வைகாசி ஆனி வெயிலுக்கு நாளுக்கு மூண்டு லீட்டர் மட்டில குடிக்கோணும், ஆனா கால் வீக்கமோ இருதயப் பிரச்சினையோ சலம் குறைவோ இருந்தா அந்த அளவ டொக்டர்தான் சொல்லோணும். ஸ்கேனுக்குப் போகேக்க மருந்து ஏத்தி எடுக்கப் பாத்தா மயலோமா எண்டும் கிரியேட்டினின் எவ்வளவு எண்டும் முன்கூட்டியே சொல்லுங்க.

டெக்ஸாமெதசோனப் பற்றி அம்மாவுக்கு இப்பவே சொல்லி வையுங்க. கிழமையில ஒரு நாள் 40 மில்லிகிராம் எண்டு எழுதினா அது ஒரு கை குளிசை, அண்டைக்கு அப்பா நல்ல உசாரா இருப்பார், ரா ரெண்டு மணிக்கு எழும்பி வளவு கூட்டுவார், அலுமாரி ஒதுக்குவார், சின்ன விசயத்துக்கு அம்மாவோட கொளுவுவார், மூண்டாம் நாள் அப்பிடியே விழுந்து படுப்பார், அழவும் கூடும். அது அவர் இல்ல, மருந்து. காலமை சாப்பாட்டோட குடுத்தா நித்திரைக் குழப்பம் கொஞ்சம் குறையும். சீனி வருத்தம் இருக்கு எண்டு எழுதினீங்க, அண்டைக்கும் அடுத்த நாளும் சுகர் ஏறும், வீட்டில குத்திப் பாக்கிற மெசின் ஒண்டு வாங்குங்க, காணிக் காசில செய்ற செலவுகளில அதுதான் பிரயோசனமானது. போர்டெசோமிபால கால் விரல் விறைக்கும், எரியும், சீனி வருத்தக்காரருக்குக் கூட, செருப்புக் கழண்டு போனது தெரியேல்ல எண்டு அப்பா சொன்னா அதச் சிரிச்சு விடாம அடுத்த ஊசிக்கு முதல் டொக்டருக்குச் சொல்லுங்க, டோஸக் குறைச்சா கனபேருக்கு மாறும், சொல்லாம விட்டா நிரந்தரமாகவும் கூடும். உடம்புக்கு நல்லது எண்டு கிரீன் டீ குடுக்கிறாங்க, அதில இருக்கிற ஒரு பொருள் போர்டெசோமிப வேலை செய்ய விடாம மறிக்குது எண்டு ஆய்வுகூடத்தில கண்டிருக்கிறாங்க, மனுசரில எவ்வளவு மறிக்கும் எண்டு தெளிவில்ல, ஆனா ஏன் வில்லங்கம், எங்கட பிளேன்டீயக் குடிக்கட்டும். கஷாயம், சூரணம் ஏதும் குடுக்கிறதெண்டா ஒளிக்காமச் சொல்லிப் போட்டுக் குடுங்க, கிட்னி இப்பிடி இருக்கேக்க நான் எண்டா ஒண்டும் குடுக்க மாட்டன்.

காசு விசயம். அரச ஆஸ்பத்திரியில மருந்து இலவசம், ஆனா 2022ல டொலர் இல்லாம மருந்து தட்டுப்பட்ட மாதிரி இடைக்கிட ஒரு மருந்து இல்லாமப் போகும், அந்த நேரம் வெளியில வாங்கிக் குடுக்கக் கையில காசு இருக்கோணும், போர்டெசோமிபுக்கும் லெனலிடோமைடுக்கும் இந்தியத் தயாரிப்பு இருக்கிறதால முந்தின விலை இல்ல. ட்ரான்ஸ்பிளான்டுக்குப் பிறகு லெனலிடோமைட் மெல்லிய டோஸில வருசக்கணக்கில குடிக்கச் சொல்லுவாங்க, அது நல்ல பலன் எண்டது உறுதி, எத்தின வருசம் எண்டதில பெரிய ஆக்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. அந்தச் செலவையும் இப்பவே கணக்கில வையுங்க. ஜனாதிபதி நிதியத்துக்கும் விண்ணப்பம் போடலாம், பிரதேச செயலகத்தில விசாரிச்சா வழி சொல்லுவாங்க, கிளினிக்கில டயக்னோசிஸ் எழுதின கடிதம் ஒண்டு கேட்டு வாங்கி வையுங்க. அதால காணிய இப்ப விக்க வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். முதல் ரெண்டு சுற்று முடிய எம் பேன்டும் லைட் செயினும் எவ்வளவு விழுந்திருக்கு எண்டு பாருங்க, நல்லா விழுந்திருந்தா இந்த வழியிலயே போங்க, அசையாம நிண்டா அப்ப டாராவப் பற்றியும் மற்ற மருந்தப் பற்றியும் கதைக்கிறதுக்கு அந்தக் காணி இருக்கும்.

அடுத்த முறை போகேக்க எலும்பு மச்சையில ஃபிஷ் டெஸ்ட், அதாவது கெட்ட செல்லின்ர குரோமோசோம் பழுதத் தேடுற டெஸ்ட் செய்ததா எண்டும் கேளுங்க. 17ஆம் குரோமோசோமில ஒரு துண்டு இல்ல எண்டோ, 4க்கும் 14க்கும் இடம் மாறியிருக்கு எண்டோ வந்தா வருத்தம் கொஞ்சம் முரடானது, அப்பிடி எண்டா நான் மேல சொன்னதில சிலது மாறும், கடும் மருந்த முதல்லயே போடோணும் எண்ட சித்தப்பாட பக்கம் பாரம் கூடும். ரிப்போட் கிடைச்சா அப்பாட பேரையும் கிளினிக் நம்பரையும் மறைச்சுப் போட்டு இங்கயே போடுங்க, என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுறன்.